கிழிந்த கோட்டும் ஸ்டீல் கிட்டாரும்

வணக்கம் சார்,

நீங்கள் சொன்னீர்களே என்று ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ ஆல்பத்தை முழுசாகக் கேட்டேன். 18 பாட்டில் ‘டார்ன் அண்ட் ஃப்ரேய்ட்’தான் மனதில் நின்றது. இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லையே? இது கன்ட்ரியா, ராக்கா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆல்பத்தில் அந்தப் பாட்டு உட்கார்ந்திருக்கும் இடம்தான் பிரச்சினை என்று நினைக்கிறேன். 1972-இல் இரட்டை எல்பியாக (இரண்டு இசைத்தட்டுகள், நான்கு பக்கங்கள்) வந்தபோது, இரண்டாம் பக்கத்தில் ‘ஸ்வீட் வர்ஜீனியா’வுக்கு அடுத்த பாட்டு இது. ஹார்மோனிகா, கூட்டமாகச் சேர்ந்து பாடும் பல்லவி என்று அது எல்லோரையும் வளைத்துப் போட்டுவிடும். ‘சரி, கன்ட்ரிப் பாட்டு கேட்டாயிற்று’ என்று மனசு நிறைந்த பிறகு இது வருகிறது. சிங்கிளாகவும், அதாவது தனி இசைத்தட்டாகவும், வரவில்லை. அந்த யோகம் ‘டம்ப்ளிங் டைஸ்’, ‘ஹேப்பி’ போன்றவற்றுக்கு அடித்தது.

கன்ட்ரியா (அமெரிக்கக் கிராமிய இசை) ராக்கா? குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸின் டிரம்ஸை மட்டும் கேட்டால் ராக். அதன்மேல் இழைவது ஆல் பெர்கின்ஸின் பெடல் ஸ்டீல் கிட்டார். மேசைபோல் நிற்கும் வாத்தியம். கம்பிகள்மேல் உலோகத் துண்டை நகர்த்திக்கொண்டே காலால் பெடலை மிதித்தால் சுரம் வளைந்து ஏறும். கன்ட்ரி-ராக் பாடகர் கிராம் பார்சன்ஸ் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவில் பெர்கின்ஸ் பின்னால் சேர்ந்தவர். அந்தப் பார்சன்ஸ் 1971 கோடையில் தெற்கு பிரான்ஸில் ஸ்டோன்ஸின் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் தங்கியிருந்தார். அதே வீட்டின் நிலவறையில்தான் இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி உருவானது. ஆல்பத்தில் வாசித்தவர்கள் பட்டியலில் பார்சன்ஸ் பெயர் கிடையாது. ஆனாலும் இந்தப் பாட்டில் எனக்கு அவர் வாடை அடிக்கிறது. (ஆர்கன் வாசிப்பவர் ஜிம் பிரைஸ். மற்ற பாட்டுகளில் டிரம்பெட் ஊதுகிறவர்!)

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பாடகர் மிக் ஜாகரின் குரல். அவர்களுடைய ‘டெட் ஃப்ளவர்ஸ்’, அப்புறம் 1978-இல் வந்த ‘ஃபார் அவே ஐஸ்’ கேட்டுப் பாருங்கள். அமெரிக்கத் தென்பகுதிக்காரர்போல வேண்டுமென்றே இழுத்து, கொஞ்சம் நக்கலாகப் பாடுவார். இங்கே அந்த நக்கல் இல்லை. பாட்டில் வருவது ஊர் ஊராகச் சுற்றும் ஒரு கிட்டார்க்காரன். அவன் கோட்டு கிழிந்து நைந்துவிட்டது. வாசிப்பு மட்டும் கெடவில்லை. அவனைக் கேலி செய்ய ஜாகருக்கு மனம் வரவில்லை.

பல்லவியில், கிட்டார் ஒலித்துக்கொண்டிருக்கும்வரை அது உன் மனதைத் திருடிக்கொள்ளட்டும் என்கிறார். திருடுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டீல்’ (steal). பின்னால் அழுவதும் ஸ்டீல் (steel) கிட்டார். சிலேடை தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு ஒவ்வொரு தடவையும் அங்கே சிரிப்பு வந்துவிடும்.