மீட்டெடுத்த வளர்ப்பு எலிகள்: கடைசி எலி தனித்துவிடாதிருக்க

கேள்வி: வளர்த்தவர்கள் கைவிட்ட மூன்று எலிகளை ஒரே கூண்டிலிருந்து மீட்டு வந்தேன், இரண்டு பெண், ஒன்று ஆண். வேறு யாருக்கும் கொடுக்காமல் இறுதிவரை நானே வைத்துக்கொள்ள விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? ஒன்று மட்டும் மிஞ்சிவிட்டால் என்ன செய்வது?

பதில்: இதைப் படித்ததும் ஆண் எலியை வேறு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். ஐந்தாறு வார வயதிலேயே இனப்பெருக்கப் பருவத்தை எட்டிவிடும் எலிகளுக்குச் சினைக்காலம் 21 முதல் 23 நாட்களே. ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மீண்டும் சினைப்படக்கூடும். ஆகவே இரு பெண் எலிகளும் ஏற்கெனவே சினையாக இருப்பதாகவே கருதி, குறைந்தது 23 நாட்கள் கவனித்து வாருங்கள்.

அதற்காக ஆணை ஆயுள் முழுவதும் தனிமையில் வைத்துவிடக் கூடாது. எலிகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பழகிய கால்நடை மருத்துவரிடம் அதற்குக் காயடித்து, சுமார் நான்கு வாரங்கள் கழிந்தபின் மீண்டும் பெண்களோடு சேர்க்கலாம். அதுவரை கூண்டுகளை ஒரே அறையில், சற்று இடைவெளி விட்டு வையுங்கள்; ஒட்டினாற்போல் வைத்தால் கம்பி வழியாகவே இணைசேர்ந்துவிடும்.

எலியின் ஆயுள் பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். மீட்டவற்றின் வயது பெரும்பாலும் தெரியாது என்பதால், முதுமைப் பராமரிப்பு நீங்கள் நினைப்பதைவிட விரைவில் வந்து சேரும். பெண்களுக்குப் பால்மடிக் கட்டிகள் அடிக்கடி உண்டாகின்றன. வயதான எலிகளுக்குப் பின்னங்கால்கள் தளரும். அப்போது ஏணிகளை எடுத்துவிட்டு, உணவும் நீரும் தரைமட்டத்தில் எட்டும்படி கூண்டை மாற்றியமையுங்கள். கண்ணோரம் சிவப்புக் கசிவு தெரிந்தால் இரத்தம் என்று அஞ்ச வேண்டாம். அது கண்ணின் பின்புறச் சுரப்பியிலிருந்து வரும் நிறமி. ஆனால் நோயோ மன அழுத்தமோ இருப்பதை அது உணர்த்தக்கூடும். மூச்சில் கரகரப்பும் சேர்ந்தால் தாமதிக்காதீர்கள், ஏனெனில் மைக்கோபிளாஸ்மா என்னும் சுவாசத் தொற்று வளர்ப்பு எலிகளிடையே மிகப் பரவலானது. இதனால்தான் தேவதாரு, பைன் மரச்சீவல்களைப் படுக்கையாக இடக் கூடாது என்கிறோம். அவற்றின் வாசனை எண்ணெய் சுவாசக் குழாயை உறுத்தும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பதும் நல்லது. நோயை மறைப்பதில் எலிகள் கெட்டிக்காரப் பிராணிகள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எலியை எலிதான் நக்கிச் சுத்தம் செய்யும், ஒண்டிப் படுக்கும். நாம் எத்தனை மணி நேரம் தோளில் சுமந்தாலும் அதற்கு ஈடாகாது. எனவே ஒன்று மட்டும் மிஞ்சும்வரை காத்திராமல், மூன்று இரண்டாகக் குறையும்போதே புதியவற்றைத் தேடத் தொடங்குங்கள். அவற்றையும் இரண்டாகவே கொண்டு வாருங்கள். முதிர்ந்த எலியிடம் ஒற்றைக் குட்டியை விட்டால், அதன் ஓயாத விளையாட்டு முதியதைக் களைப்படையச் செய்யும். இரண்டாக இருந்தால் தமக்குள் விளையாடிக்கொள்ளும். என் தேர்வோ, கைவிடப்பட்ட நடுவயது எலிகள்தாம். வந்தவற்றை வேறு அறையில் இரண்டு வாரமேனும் தனிமைப்படுத்தி, பிறகு இரு தரப்புக்கும் பழக்கமில்லாத இடத்தில் சில நிமிடங்களாகச் சந்திக்க விடுங்கள். இலேசான தள்ளுமுள்ளு இயல்பு. மயிர் சிலிர்த்துப் பக்கவாட்டில் நெருக்கினால் உடனே பிரித்துவிடுங்கள், வெறுங்கையால் அல்ல, தடித்த துண்டால்.

ஒருவேளை மிஞ்சிய எலி சாகும் தறுவாயில் இருந்தால் மட்டும் புதிய துணையைத் திணிக்காதீர்கள். அதன் பழைய படுக்கைத் துணியை மாற்றாமல், கதகதப்பாக, உங்கள் மடியருகே வைத்திருங்கள்.