இரண்டு நோட்டும் மூன்று ஊசியும்

(திருப்பூர் பனியன் கம்பெனியில் 1991-இல் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து, மனிதவள மேலாளராக ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் எச்.ஆர். உதவியாளனாக இருக்கிறேன். அடுத்த மாதம் பையர் ஆடிட்; சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து பதிவேடுகளைச் சோதிக்க வருகிறார்கள். ஞாயிறு வேலை, ராத்திரி வேலை எதுவும் நடக்காததுபோல வருகைப் பதிவேடு ஒன்றைத் தனியாக எழுதச் சொல்கிறார் மேனேஜர். "எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான்" என்கிறார். வீட்டில் நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன். என்ன செய்வது அம்மா?
— பெயர் வேண்டாம், அவிநாசி

பதில்: தம்பி, அந்த நோட்டை நானும் எழுதியிருக்கிறேன். 2003-இல், அப்போது வேலை பார்த்த கம்பெனியில், மூன்று ராத்திரி உட்கார்ந்து ஆறு மாத வருகையைப் புதிதாக எழுதினேன். மை ஒரே மாதிரி தெரியக் கூடாதென்று நான்கு பேனா வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆடிட்டுக்கு வந்த பெண்மணி என் நோட்டைப் பத்து நிமிடம் புரட்டினார். அப்புறம் நேராக மெக்கானிக்கிடம் போய் உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேட்டார். தைக்கும்போது ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, தேதியும் மெஷின் எண்ணும் எழுதி ஒட்டி வைப்பார்கள். குழந்தை உடுப்புக்குள் ஒரு துண்டு போய்விடக் கூடாதே என்பதற்கான ஏற்பாடு அது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேதியில் மூன்று ஊசிகள் ஒட்டியிருந்தன. என் நோட்டில் அன்று லீவு. அவர் எதுவும் கேட்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆர்டர் கைவிட்டுப் போனது. சாயங்காலம் முதலாளி திட்டியது என்னை இல்லை, ஊசியை ஒழுங்காக ஒட்டி வைத்த மெக்கானிக்கை. அந்த மனிதர் தலைகுனிந்து நின்றது இன்றைக்கும் என் கண்ணிலேயே இருக்கிறது.

எழுதாதீர்கள். ஆனால் "எழுத மாட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். உண்மையான கணக்கை எடுத்துக்கொண்டு மேனேஜரைத் தனியாகப் பாருங்கள். நம் ஊரில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் ஒன்றரைச் சம்பளம் என்பது பழக்கம். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். எட்டு மணி நேரத்துக்கு 500 ரூபாய் வாங்குகிறவர் இன்னும் நான்கு மணி நேரம் பார்த்தால் 1,000 ரூபாய் வர வேண்டும். கையில் வருவது 750. அந்த 250 ரூபாய்தான் இரண்டாவது நோட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. எத்தனை பேருக்கு, எத்தனை நாள் என்று எழுதிக் காட்டுங்கள். இந்த மாதத்திலிருந்து எப்படிக் கொடுப்பது, ஞாயிறு வேலையை எப்படிக் குறைப்பது என்று ஒரு திருத்தத் திட்டமும் கையில் இருக்கட்டும். குறையை ஒப்புக்கொண்டு திருத்த அவகாசம் கேட்கிற கம்பெனிக்குப் பல பையர்கள் நேரம் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பொய்ப் பதிவேடு பிடிபட்ட இடத்தில் அந்தப் பொறுமை இருப்பதில்லை.

அதற்கும் ஒத்துவராவிட்டால் வேறு வேலை தேட ஆரம்பியுங்கள். கிடைக்கும் வரை இங்கேயே இருப்பதில் தவறில்லை. எழுதச் சொன்னவர் யாராக இருந்தாலும், அந்த நோட்டில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து.

கேள்வி: எங்கள் யூனிட்டில் 14 பேர்தான். பாலியல் புகார்க் குழு எங்களுக்கும் தேவையா?
— வாசகர், பல்லடம்

பதில்: தேவை. பத்துப் பேர் வேலை செய்தாலே அமைக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியரிடம், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அறிவிப்பை முதலாளி அறை வாசலில் மட்டும் ஒட்டாதீர்கள். அங்கே நின்று எந்தப் பெண்ணும் படிக்க மாட்டாள். பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள்.

கேள்வி: 40 மெஷின் வைத்து, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். போன வாரம் 3,000 பீஸ் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில். 11 மேஜர் குறை, அதில் ஒன்பது கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை). டெய்லர்கள் சம்பளத்தில் பிடித்தால்தான் புத்தி வரும் என்கிறான் மகன். பிடிக்கலாமா?
— சிறு உற்பத்தியாளர், பெருமாநல்லூர்

பதில்: ஐயா, முதலில் அந்த ரிப்போர்ட்டையே பார்ப்போம். 3,000 பீஸ் லாட்டில் 125 எடுத்துப் பார்த்திருப்பார்கள். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் அளவுகோல் ஏ.க்யூ.எல்.; வழக்கமான ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் ஏழு மேஜர் வரை பாஸ், எட்டு வந்தால் ஃபெயில். உங்களுக்குக் கழுத்து மட்டும் சரியாக இருந்திருந்தால் மிச்சம் இரண்டுதான், லாட் போயிருக்கும்.

அந்த ஒன்பதையும் தைத்தது ஒரே ஆளா? ஆமாம் என்றால் அவருக்குக் கற்றுக் கொடுங்கள். மூன்று பேர் தைத்தும் ஒரே குறை என்றால் டெய்லரை விட்டுவிட்டு ரிப் துணியையும், வெட்டின அளவையும், மெஷின் செட்டிங்கையும் பாருங்கள். விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் சம்பளத்தில் கை வைக்கச் சட்டத்திலும் இடமில்லை.

நான் முதலில் செக்கிங் பார்த்த இடத்தில் குறைப் பீஸுக்குக் காசு பிடிப்பார்கள். என்ன ஆனது? குறைப் பீஸ் என் மேஜைக்கு வருவதே நின்றுபோனது. எல்லாம் வேஸ்ட் மூட்டைக்குள் போயின. ஷிப்மென்டுக்கு முதல் நாள் எண்ணிக்கை குறைந்து, ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்ப வெட்டினோம்.

ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் மெஷின் வரிசையை ஒட்டி ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். குறை கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். லீடர் ஓடி வருவார். உடனே தீராவிட்டால் லைன் நிற்கும். நின்றதற்காக யாரையும் திட்டக் கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டுக்கு உயிர்.

வாய் திறக்கப் பயப்படும் இடத்தில் பீஸ் மட்டும் கெடுவதில்லை ஐயா. நம் தொழிலிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2013 ஏப்ரல் 23 அன்று, டாக்கா பக்கம் சவாரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் விட்டது. அதிலிருந்த வங்கி தன் ஆட்களை அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளர்களை மறுநாளும் வரச் சொன்னார்கள். சம்பளம் போய்விடுமே என்று பயந்து உள்ளே போனார்கள். 24-ஆம் தேதி காலையில் கட்டடம் விழுந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். விரிசலைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள் அவர்கள்.

மகனை ஒரு வாரம் செக்கிங் மேஜையில் உட்கார வையுங்கள். குறை சொல்லி வருகிற டெய்லருக்கு அவர் வாயிலிருந்து முதலில் வருகிற வார்த்தை "நல்லவேளை சொன்னீங்க" என்று இருக்கட்டும்.

கேள்வி: 23 வயதில் லைன் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன் அக்கா. எனக்கு ஓவர்லாக் சொல்லிக் கொடுத்தவர்களையே இப்போது வேலை வாங்க வேண்டியிருக்கிறது. கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, அனுப்பர்பாளையம்

பதில்: அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தாதே கண்ணு. தப்பைச் சொல்லும்போது நடைபாதையில் நின்று சத்தம் போடாமல், மெஷின் பக்கத்தில் போய்ப் பீஸைக் கையில் எடுத்துச் சொல். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அவர்கள் கவனிக்கப் போவது வேறொன்று. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் லைனில் சுலபமான பண்டில் (தைக்கக் கொடுக்கும் துணிக் கட்டு) யாருக்குப் போகிறது என்று உன் கையைத்தான் எல்லாக் கண்ணும் பார்க்கும். சிநேகிதிக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நேர்த் தையல் போனால் மூன்றாம் நாள் உன் பேச்சு எடுபடாது. இந்த வாரமே பண்டில் முறை போட்டு, யாருக்கு எந்த நாள் எது என்று எழுதி லைன் தலைப்பில் தொங்கவிடு. முதல் நாள் கஷ்டமான பண்டிலை உன் நெருங்கிய சிநேகிதிக்குப் போடு. ஏன் என்று முந்தின நாளே அவளிடம் சொல்லிவிடு.