எட்டு அமர்வில் என்ன ஆகிவிடும்?

வணக்கம். சில மாதங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை. தூக்கம் போய்விட்டது. போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. மிதமான மனச்சோர்வு, கூடவே பதற்றம் என்றார் டாக்டர். அவர் அனுப்பிவைத்த உளவியல் நிபுணர், வாரத்துக்கு ஒன்றாக எட்டு அமர்வுகள் போதும் என்கிறார். சிறுவயதிலிருந்து சேர்ந்த பாரம் இது. எட்டு மணி நேரத்தில் எதைப் பேசி முடிப்பது? சீக்கிரம் அனுப்பிவிடப் பார்க்கிறார்களோ என்று தோன்றுகிறது. போகலாமா? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

போங்கள். நான் மருத்துவன் அல்ல, இந்தத் துறையைத் தொடர்ந்து வாசிப்பவன் மட்டுமே. ஆனாலும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

எத்தனை காலம் சேர்ந்ததோ அத்தனை காலம் பேசினால்தான் கரையும் என்று நினைக்கிறீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், நீண்ட காலம் பேசிப் பழைய காரணங்களைத் தேடும் உளப்பகுப்பாய்வில் பயின்றவர். அவருக்கும் முதலில் ஆழத்தில் தோண்டுவதுதான் தொழில். மனச்சோர்வில் இருந்தவர்களைக் கவனித்தபோது, ‘என்னால் எதுவும் ஆகாது’, ‘நான் யாருக்கும் வேண்டாதவன்’ என்ற எண்ணங்கள் கூப்பிடாமலே வந்து நிற்பதைக் கண்டார். அந்த எண்ணங்களைப் பிடித்து நிறுத்தி, உண்மைதானா என்று சோதிக்கப் பழக்கினார். 1960களில் இப்படித் தொடங்கியதுதான், எண்ணங்களையும் செயல்களையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்ற இன்றைய பேச்சு சிகிச்சைக்கு அடித்தளம். மனச்சோர்வுக்கு அதன் முழு வடிவமே பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள்தான்.

நோய் தொடங்கிய காரணம் ஒன்று, இன்றைக்கும் அது நீடிக்கும் காரணம் வேறொன்று. உங்கள் போனையே எடுத்துக்கொள்வோம். அடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, எடுக்காமல் விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே ஓர் ஆறுதல். அந்த ஆறுதல்தான் பயத்துக்குத் தீனி. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வாய்ப்பில்லாததால், அடுத்த முறை இன்னும் கூடுதலாகப் படபடக்கிறது. அப்புறம் அழைப்பவர்கள் குறைகிறார்கள். நாள் வெறிச்சோடுகிறது. ‘எனக்கென்று யாருமில்லை’ என்ற எண்ணத்துக்குச் சாட்சி கிடைத்துவிடுகிறது. குறுகிய கால சிகிச்சை இந்தச் சுற்றில்தான் கைவைக்கிறது. சிறுவயதில் பட்டது பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. அதை முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே இந்தச் சுற்றை அறுக்க முடியும், அவ்வளவுதான்.

எட்டு மணி நேரம் என்ற உங்கள் கணக்கும் சரியில்லை. வேலை நடப்பது அமர்வுகளுக்கு நடுவே உள்ள நாட்களில். எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள், அப்போது மனம் எப்படி இருந்தது என்று குறித்துவரச் சொல்லலாம். சுலபமாகப் பேசக்கூடிய ஒருவரை அழைக்கச் சொல்லலாம். பேசும் முன் எதற்குப் பயந்தீர்கள், பேசியபின் என்ன நடந்தது என்று இரண்டையும் எழுதச் சொல்லலாம். விருப்பம் வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திருப்பது மனச்சோர்வில் பலிப்பதில்லை. அங்கே செயல் முதலில், விருப்பம் அதன் பின்னால். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த நோயாளிகளிடம் இதை அடிப்படையாக வைத்த ஒரு சிகிச்சையைச் சோதித்தார்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். கொடுத்தவர்கள் மனநல நிபுணர்கள்கூட அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இந்தச் சிகிச்சையும் பெற்ற நோயாளிகள் நன்றாகத் தேறினார்கள். அதன் முடிவுகள் 2017இல் வெளியாயின. எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஆய்வு அது.

எல்லோரும் எட்டில் குணமாகிவிடுவதில்லை. கணிசமானவர்களுக்கு மிச்சம் இருக்கும். அதனால் அளந்துகொண்டே போவது முக்கியம். மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்க, ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ.-9 என்ற படிவம் இருக்கிறது. மதிப்பெண் 0 முதல் 27 வரை. நாலைந்து அமர்வுகளுக்குப் பிறகும் அது இறங்கவில்லை என்றால் வெளிப்படையாகப் பேசுங்கள். முறையை மாற்றலாம், அமர்வுகளைக் கூட்டலாம், மருந்து சேர்க்கலாம். அது உங்கள் தோல்வி ஆகாது. நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடமும் வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

சீக்கிரம் அனுப்பிவிடுவார்களோ என்று எனக்கு எழுதினீர்களே, அதை முதல் அமர்வில் அவரிடமே சொல்லுங்கள். எட்டு முடிந்தும் சரியாகவில்லை என்றால் அடுத்து என்ன என்றும் கேளுங்கள். நல்ல நிபுணர் கோபித்துக்கொள்ள மாட்டார், பதில் வைத்திருப்பார். போய்வந்து எழுதுங்கள்.