உப்பு நீர் உறையும் விதம்

கேள்வி: நன்னீர் 0 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடுகிறது. அதே குளிரில் உப்பு நீர் உறைவதில்லை. உப்பு தண்ணீருக்குச் சூடு ஏற்றுகிறதா? அப்படியென்றால் துருவக் கடல்கள் எப்படி உறைகின்றன?

பதில்: உப்பு சூடு ஏற்றுவதில்லை. சமையல் உப்பைக் கரைக்கும்போது தண்ணீர் மிகச் சிறிதளவு குளிரவே செய்கிறது. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

பனிக்கட்டியும் நீரும் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பில் இரண்டு வேலைகள் ஓயாமல் நடக்கின்றன: பனிக்கட்டியிலிருந்து மூலக்கூறுகள் பிரிந்து நீருக்குள் போகின்றன, நீரிலிருந்து மூலக்கூறுகள் வந்து பனிக்கட்டியில் ஒட்டுகின்றன. இவ்விரண்டும் சமமாகும் வெப்பநிலைதான் உறைநிலை. உப்பு கரைந்ததும் சோடியம், குளோரைடு அயனிகள் நீருக்குள் பரவி நீர் மூலக்கூறுகளின் இடத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால், பனிக்கட்டியில் ஒட்ட வரும் மூலக்கூறுகள் குறைகின்றன. பிரிந்து போகிறவையோ குறைவதில்லை. மறுபடி சமநிலை வர வேண்டுமானால் குளிர் இன்னும் கூட வேண்டும்.

கரைந்த உப்பு கூடக்கூட, அதே விகிதத்தில் உறைநிலையும் இறங்குகிறது என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் பிளாக்டன் 1788-லேயே காட்டினார். துகள்களின் எண்ணிக்கையே இதில் முக்கியம். ஒரு கிலோ தண்ணீரில் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் உறைநிலை சுமார் 2 டிகிரிதான் இறங்கும், 58.5 கிராம் உப்போ சுமார் 3.4 டிகிரி இறக்கிவிடும். எடை வேறானாலும் இரண்டிலும் கரைக்கும் மூலக்கூறு அலகுகளின் எண்ணிக்கை ஒன்றுதான்; ஆனால் உப்பு இரண்டு அயனிகளாகப் பிரிகிறது, சர்க்கரை பிரிவதில்லை. கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்குகிறது.

‘தொடங்குகிறது’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. பனிப்படிகத்தின் அடுக்குக்குள் உப்பு அயனிகளுக்கு இடமில்லை. உறைவது நீர் மட்டுமே, உப்பு வெளியே தள்ளப்படுகிறது. மிஞ்சிய நீர் மேலும் உப்பாகி, அதன் உறைநிலை மேலும் இறங்குகிறது. ஆகவே நன்னீரைப் போல ஒரே வெப்பநிலையில் முழுவதும் உறையாமல், உப்பு நீர் படிப்படியாகவே உறைகிறது. சமையல் உப்புக் கரைசல் முழுவதும் கெட்டியாக மைனஸ் 21.1 டிகிரி வரை போக வேண்டும். ஃபிரீசர்கள் பொதுவாக மைனஸ் 18 டிகிரியில் இயங்குவதால், இதை நீங்களே பார்க்கலாம். உப்பு நீரை ஓரிரவு அதில் வைத்து எடுத்தால், கிடைக்கும் கட்டி கலங்கலாக, மேலே ஈரம் படிந்து, கத்தி நுனியால் கீறினால் பொடியாக உதிரும். உள்ளே சிறு துளைகளில் அடர்ந்த உப்புக் கரைசல் உறையாமல் இருப்பதே இந்த மென்மைக்குக் காரணம்.

கடலுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. நன்னீர் 4 டிகிரியில் அதிக அடர்த்தி பெறும். அதற்குக் கீழே குளிர்ந்த நீர் லேசாகி மேலேயே தங்குவதால், ஏரியின் மேற்பரப்பு விரைவில் உறைந்துவிடும். கிலோவுக்கு 24.7 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் நிலைமை மாறுகிறது: உறையும் வரை நீரின் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். மேலே குளிர்ந்தது கீழே மூழ்க, கீழிருந்து வெப்பமான நீர் மேலே வர, ஆழமான ஓர் அடுக்கே குளிர்ந்த பிறகுதான் பனிக்கட்டி தோன்றும். துருவங்களின் நீண்ட குளிர்காலம் அதற்கு அவகாசம் தருகிறது. அப்போது வெளியேறும் அடர்ந்த உப்பு நீர் அடியில் இறங்குகிறது. அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடல் போன்ற இடங்களில் இப்படி இறங்கும் நீர், உலகப் பெருங்கடல்களின் அடித்தளம் நெடுகப் பரவுகிறது.

கேள்வி: கடல் பனிக்கட்டியை உருக்கிக் குடிக்கலாமா?

பதில்: புதிதாக உறைந்ததைக் குடிக்க இயலாது, துளைகளில் சிக்கிய உப்பு அதில் இருக்கும். ஆனால் கோடையிலும் உருகாமல் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்த பனிக்கட்டியிலிருந்து அந்த உப்பு நீர் மெல்ல வடிந்துவிடுவதால், அதன் மேற்பகுதியை உருக்கினால் பெரும்பாலும் குடிக்கத்தக்க நீரே கிடைக்கும்.