விட்சர் 4: டிரெய்லரைப் பார்த்தோம், பணத்தை எடுக்கலாமா?

போலந்தின் வார்சாவில் இருக்கும் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2007, 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் மூன்று விட்சர் வீடியோ விளையாட்டுகளை வெளியிட்டது. விட்சர் என்றால் கூலிக்குப் பூதங்களை வேட்டையாடுபவர். நான்காவதற்கான டிரெய்லர் 2024 டிசம்பரில் வந்ததிலிருந்து எனக்குக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. மூன்றாம் பாகத்தை நான்கு முறை முடித்தவன் என்பதே என் தகுதி. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஒரே கேள்வி. எப்போது வரும்?

2026 முடிவதற்குள் வராது. இது நிறுவனமே முதலீட்டாளர்களிடம் சொன்னது. முழுவீச்சில் தயாரிப்பு தொடங்கியதே 2024-இன் இறுதியில்தான். நாளைக்கே தேதி அறிவித்தாலும் அதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாகம் 2014-இல் வருவதாக இருந்து, 2015 பிப்ரவரிக்குத் தள்ளிப்போய், கடைசியில் மே 19 அன்று வந்தது. இதே நிறுவனத்தின் இன்னொரு விளையாட்டான சைபர்பங்க் 2077-க்கு 2020 ஏப்ரல், செப்டம்பர், நவம்பர் என்று மூன்று தேதி சொல்லி, நான்காவதாக டிசம்பர் 10-இல் வெளியிட்டார்கள்.

கேள்வி: அந்த சைபர்பங்க் கதை மீண்டும் நடக்காது என்று என்ன நிச்சயம்? டிரெய்லர் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நிச்சயம் எதுவும் இல்லை. ஆனால் அன்று என்ன நடந்தது என்பதைச் சரியாக நினைவில் வைத்திருந்தால் இந்த முறை ஏமாற வேண்டியதில்லை. நல்ல கணினியில் சைபர்பங்க் ஓரளவு ஓடியது. பழைய கன்சோல்களான பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் படுத்துவிட்டது. வெளியான எட்டாம் நாள் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்தது. மீண்டும் வைத்தது 2021 ஜூனில். முன்கூட்டியே விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டவை கணினிப் பிரதிகள். கன்சோலில் எப்படி ஓடுகிறது என்று வெளியீட்டுக்கு முன் அவர்களால் சோதித்துப் பார்க்க முடியவில்லை. படத்தின் முதல் பாதியை மட்டும் காட்டி விமர்சனம் எழுதச் சொன்ன மாதிரி.

ஆகவே, வெளியீட்டுக்குப் பத்து நாள் முன்பு நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்களிடம் இருக்கும் அதே கன்சோலில் எடுத்த, விமர்சகர்களே பதிவுசெய்த காட்சிகள் வெளியில் இருக்கின்றனவா? இருந்தால் மனம் நிம்மதியாகலாம். இல்லையென்றால் காத்திருங்கள்.

நிறுவனத்துக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் இதையும் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகள் விடாமல் உழைத்து, 2023 செப்டம்பரில் 2.0 மேம்பாட்டையும் ஃபான்டம் லிபர்ட்டி என்ற விரிவாக்கத்தையும் கொண்டுவந்து அந்த விளையாட்டை மீட்டெடுத்தார்கள். விரிவாக்கத்தைப் பழைய கன்சோல்களுக்குத் தரவே இல்லை. அந்தப் பாடம் உறைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கேள்வி: 2025 ஜூனில் காட்டிய சந்தைக் காட்சி உண்மையான விளையாட்டா?

இல்லை. அது தொழில்நுட்ப மாதிரி என்று அவர்களே சொன்னார்கள். கதையுலகில் கோவிர் என்ற வடக்கு மலைநாட்டில் வால்ட்ரெஸ்ட் என்ற துறைமுக ஊர், சந்தையில் நூற்றுக்கணக்கான ஆட்கள், ஆப்பிள்கள் உருண்டு ஓட அவற்றைத் துரத்தும் பிள்ளைகள். கண்ணுக்கு விருந்துதான். எனக்குப் பிடித்தது வேறு: சாதாரண பிளேஸ்டேஷன் 5-இல், நொடிக்கு 60 படச்சட்டங்கள் (ஃபிரேம்) என்ற வேகத்தில் ஓடியதாகக் காட்டினார்கள். முன்பெல்லாம் மிகச் சிறந்த கணினியில் அழகாகச் செய்துவிட்டுப் பிறகு கன்சோலுக்குள் அமுக்குவார்கள். இம்முறை எளிய இயந்திரத்திலிருந்து தொடங்குகிறார்கள். அதே சமயம், 2013-இல் மூன்றாம் பாகத்துக்குக் காட்டிய காட்சிகளும் 2015-இல் கைக்கு வந்ததும் ஒன்றல்ல என்று எழுந்த சண்டையை நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்க வேண்டாம்.

கேள்வி: சொந்த எஞ்சினை (விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளை) விட்டுவிட்டு அன்ரியல் எஞ்சின் 5-க்குப் போனது நல்லதா? அதில் வரும் விளையாட்டுகள் கணினியில் திக்குகின்றனவே?

நல்லது, கெட்டது இரண்டும் உண்டு. சொந்த எஞ்சின் என்றால் வீட்டைக் கட்டிக்கொண்டே சமைப்பது போல. புதிதாக வேலைக்கு வருபவர் அடுப்பு எங்கே என்று கற்றுக்கொள்ளவே மாதங்கள் ஆகும். அன்ரியல் தெரிந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

திக்கலுக்குக் காரணம் இரண்டு. ஒரு காட்சி முதல்முறை திரைக்கு வரும்போது அதற்கு நிறமும் ஒளியும் தீட்டும் ஷேடர் நிரல்களை அந்த நொடியில் தயார்செய்தால் படம் ஒரு கணம் உறையும். திறந்த உலகில் வேகமாகப் போகும்போது அடுத்த பகுதியை ஏற்றும் இடத்திலும் உறையும். முதலாவதை, தொடங்கும்போதே முன்கூட்டித் தயார்செய்து ஓரளவு சமாளிக்கலாம். இரண்டாவதுதான் குதிரை ஓடும் விளையாட்டுக்கு எமன். 2025 ஜூனில் காட்டிய தொழில்நுட்ப மாதிரியில் உலகை வேகமாக ஏற்றும் புதிய முறையைப் பெருமையாகச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

கேள்வி: என் கணினியில் ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் அட்டை இருக்கிறது. இப்போதே புது அட்டை வாங்கிவிடட்டுமா சார்?

வேண்டாம். தேவைப் பட்டியலே வரவில்லை. வராத மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுக்காதீர்கள். ஆனால் காட்டிய மாதிரியில் ஒளிக்கதிர்த் தடமறிதல் (ரே டிரேசிங், ஒளி எப்படிப் படுகிறது என்று கணக்கிட்டுக் காட்டும் முறை) இருந்தது. அதற்கான வன்பொருள் 1060-இல் கிடையாது. பணத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: இதுவரை நாயகனாக இருந்த ஜெரால்ட் இல்லாமல் விட்சரா? ஒரு பெண்ணை நாயகியாக்கி ஏன் கெடுக்கிறார்கள்?

தம்பி, ஆந்திரே சப்கோவ்ஸ்கியின் நாவல் வரிசையில் கதையின் அச்சே இந்த நான்காம் பாகத்தின் நாயகி சிரிதான், ஜெரால்ட் மகளாக வளர்த்தவள். மூன்றாம் பாகத்தில் நீங்கள் நூறு மணி நேரம் தேடி அலைந்ததும் அவளைத்தான்; நடுநடுவே அவளாகவே விளையாடியும் இருக்கிறீர்கள். ஜெரால்ட் வருகிறார், தலைமைப் பாத்திரமாக அல்ல. (அவள் பெயரைத் தமிழில் எழுதினால் சிரிக்கச் சொல்வது போல இருக்கிறது. ஆள் அவ்வளவு சிரிப்பவள் அல்ல.)

கவலைப்பட உண்மையான விஷயம் வேறு. மூன்றாம் பாகத்தில் சிரி கண்சிமிட்டும் நேரத்தில் இடம்விட்டு இடம் தாவி எதிரிகளை வெட்டித் தள்ளினாள். அத்தனை சக்தி உள்ளவளை வைத்துப் பாத்திரமேற்கும் விளையாட்டு செய்வது கடினம். எதுவும் இல்லாமல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவதில்தான் அதன் ருசி. டிரெய்லரில் அவள் சங்கிலியும் வாளும் கஷாயமும் வைத்துப் போராடுகிறாள். அந்தச் சக்தி எங்கே போனது என்பதற்குக் கதை நம்பும்படியான காரணம் சொல்ல வேண்டும். இரண்டு வரி வசனத்தில் கடந்துபோனால் நானே முதலில் திட்டுவேன்.

கேள்வி: நீங்கள் உள்ளூர அஞ்சுவது எதற்கு?

வரைபடம் பெரிதாகிவிடுமோ என்று. மூன்றாம் பாகத்தில் ஸ்கெல்லிகே என்ற தீவுகளைச் சுற்றிய கடல் முழுக்க வரைபடத்தில் கேள்விக்குறிகள். படகோட்டிப் போய்த் திறந்தால் கடத்தல்காரர் பெட்டி, அதில் விற்பதற்கான தட்டுமுட்டுச் சாமான். அறுபதாவது பெட்டியில் எனக்கு வெறுத்துவிட்டது. அந்த விளையாட்டை யாரும் அதற்காக நினைவில் வைக்கவில்லை. குடித்துவிட்டு மனைவியை அடித்த ஒரு பிரபுவை வெறுப்பதா, இரங்குவதா என்று தெரியாமல் நம்மை உட்காரவைத்தார்களே, அந்த எழுத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம்.

டிரெய்லர் இந்த இடத்தில் நம்பிக்கை தருகிறது. கிராமத்தார் ஒரு பெண்ணைப் பூதத்துக்குப் பலியாக அனுப்புகிறார்கள். சிரி பூதத்தைக் கொன்று அவளைக் காப்பாற்றித் திருப்பி அனுப்புகிறாள். ஊரார் தாங்களே அந்தப் பெண்ணைக் கொன்றுவிடுகிறார்கள். ஆறு நிமிடத்தில் இது முடிகிறதென்றால் எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

கேள்வி: தமிழில் வருமா?

மூன்றாம் பாகத்தில் தமிழ் இல்லை. இதற்கும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கதைகள் நமக்கு அந்நியமாக இருக்காது. மூன்றாம் பாகத்தில் நண்பகல் வெயிலில் வயலில் சுற்றும் ஒரு பேய் வரும், ஸ்லாவிய நாட்டார் நம்பிக்கையிலிருந்து எடுத்தது. உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று பாட்டி சொல்லி வளர்ந்தவர்களுக்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை.

கேள்வி: ஐயா, என் மகனுக்குப் பதினான்கு வயது. வந்ததும் வாங்கித் தரவேண்டும் என்று இப்போதே அடம்பிடிக்கிறான்.

வேண்டாம் அம்மா. மூன்றாம் பாகத்துக்கு ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று தரச்சான்று. வெட்டு, குத்து, படுக்கையறைக் காட்சி எல்லாம் உண்டு. இதுவும் அந்த வழியில்தான் போகும். விளையாட்டு வரும்போது அவனுக்கும் வயது கூடியிருக்கும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவையுங்கள்.

கேள்வி: முன்பதிவு தொடங்கினால் கட்டலாமா?

கூடாது. இணையத்தில் தரவிறக்கும் பொருள் தீர்ந்துபோகாது. வரிசையில் முதலில் நின்றால் சோறு கூடுதலாகக் கிடைக்கும் கல்யாணப் பந்தி இல்லை இது. நானும் ஒருமுறை ஒரு விளையாட்டுக்கு, பெயர் வேண்டாம், முன்பணம் கட்டிவிட்டு இரண்டு மாதம் திருத்தக் கோப்புகளை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்த முன்பதிவுப் பரிசு ஒரு தொப்பி, அதுவும் விளையாட்டுக்குள்.

கேள்வி: கடைசியாக ஒன்று. குதிரை இந்த முறையும் கூரை மேல் ஏறி நிற்குமா?

மூன்றாம் பாகத்தில் ஜெரால்டின் குதிரை ரோச் கூரையில் நின்றதைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்? சிரியின் குதிரை கெல்பி. மாதிரிக் காட்சியில் சேணத்தின் கீழ் தசை அசைவதுகூடத் தெரிந்தது. எல்லாப் பிழைகளையும் திருத்தட்டும். அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் நான் புகார் சொல்லமாட்டேன்.