வயசானவங்க தபால்ல ஓட்டு போடுறதுல அப்படி என்ன கஷ்டம் இருக்கு?

கேள்வி கேட்டவர் கூடவே ஒண்ணு சொல்லியிருக்கார், "வீட்ல உக்காந்தே போட்டு அனுப்பிடலாமே, பூத்துக்கு நடக்குறதுதானே பெரியவங்களுக்குப் பிரச்சன, அது தீந்துச்சுல்ல"ன்னு. தீரல. கால்ல இருந்த கஷ்டம் கண்ணுக்கும் கைக்கும் ஞாபகத்துக்கும் போகுது, அங்கேர்ந்து பிள்ளைங்க தலைல வந்து விழுது, அவ்ளோதான். மூணு நாட்டுல என் சொந்தக்காரங்க இதுல பட்ட பாட்டைப் பாத்திருக்கேன், அதை வெச்சே சொல்றேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம், கட்டிக்கிட்டு வந்தது தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பன் நகரத்துல சாட்ஸ்வர்த்துக்கு. என் மாமியாருக்கு எம்பது தாண்டி ரொம்ப நாளாச்சு, ரெண்டு முட்டியும் போச்சு, வாக்கர் வெச்சுத்தான் நடை. தென்னாப்பிரிக்காவுல தபால் ஓட்டுன்னு ஒண்ணு கிடையாது, லண்டன்ல துபாய்ல இருக்குற எங்க ஆளுங்க கூட தூதரகத்துக்கு நேர்ல போய்த்தான் போடணும். (அப்படி ஒண்ணு இருந்திருந்தாலும் யார் நம்பி அனுப்புவா, எங்க போஸ்ட் ஆபீஸ் கடன்ல மூழ்கி 2023-ல மீட்பு நிர்வாகிங்க கைக்குப் போச்சு, எத்தனையோ கிளைய மூடிட்டாங்க.) அதுக்குப் பதிலா இங்க ஸ்பெஷல் வோட்னு ஒண்ணு இருக்கு, எலக்‌ஷனுக்கு முந்தின ரெண்டு நாள்ல வோட்டிங் ஸ்டேஷனுக்கே போய் கூட்டமில்லாம போடலாம், நடக்க முடியாதவங்கன்னா ஐஈசி, அதாவது இங்கத்த தேர்தல் ஆணையத்து ஆளுங்க வீட்டுக்கே வருவாங்க, ஹோம் விசிட்னு சொல்லுவோம். 2024-ல ஹோம் விசிட்டுக்கு மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல அனுமதி குடுத்தாங்க, சின்ன விஷயம் இல்ல. கவர், கையெழுத்து, கடைசித் தேதி எல்லாம் தபால் ஓட்டு மாதிரியேதான், தபால்காரருக்குப் பதிலா ஆபீசர் வர்றாங்க.

முதல் தடங்கலே தேதி. 2024 எலக்‌ஷன் மே 29, ஆனா ஸ்பெஷல் வோட் கேட்டு மனு போட கடைசி நாள் மே 3. அதுக்கப்புறம் உங்க வீட்டுப் பெரியவர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு ஒடஞ்சா? அவ்ளோதான். எங்க தெருவுல ஒரு தாத்தாவுக்கு அதுதான் ஆச்சு, ஏப்ரல் மாசம் தோட்டத்துல கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நல்லா நின்ன மனுஷன், மே நடுவுல ஆஸ்பத்திரி, எலக்‌ஷன் அன்னிக்கு வீட்ல படுக்கைல. நல்லா இருக்கும்போது யாரும் முன்கூட்டி மனு போட மாட்டாங்க, "நான்தான் நடக்குறேனே"ன்னு வீம்பு வேற இருக்கும் பெரியவங்களுக்கு, முடியாம போனப்புறம் கேட்டா கதவு மூடியிருக்கும். மனு போடுறதும் ஆன்லைன்ல, இல்லன்னா ஃபார்ம் எடுத்துக்கிட்டு யாராவது ஆபீசுக்குப் போய்க் குடுக்கணும். எஸ்எம்எஸ்ல போடுற வசதி இருக்கு, ஆனா அது ஸ்டேஷனுக்கு நேர்ல வர்றவங்களுக்குத்தான், ஹோம் விசிட்டுக்குக் கிடையாது. அதாவது நடக்க முடிஞ்சவனுக்கு ஒரு எஸ்எம்எஸ், படுத்துக் கெடக்குறவனுக்கு ஃபார்ம். இதை யோசிச்சவர் யாரோ தெரியல.

ரெண்டாவது, இதைப் பத்தி யாருமே பேச மாட்டேங்குறாங்க, அட்ரஸ். எந்த வட்டாரத்துல பேர் பதிஞ்சிருக்கோ அந்த வட்டாரத்துக்குள்ளதான் ஹோம் விசிட் வருவாங்க. நம்ம வீடுகள்ல பெரியவங்க ஒரே எடத்துல எங்க இருக்காங்க சொல்லுங்க? மாமனார் போனப்புறம் மாமியார் கொஞ்ச நாள் எங்க கூட, கொஞ்ச நாள் டர்பன்லயே ஃபீனிக்ஸ் பக்கம் கொழுந்தனார் வீட்ல, புரட்டாசி விரதம்னா டோங்காட்ல பொண்ணு வீட்ல. பேர் பதிஞ்சது சாட்ஸ்வர்த்துல, மருந்துப் பை ஃபீனிக்ஸ்ல. பிள்ளைங்க மாத்தி மாத்தி வெச்சுக்கிற எல்லாக் குடும்பத்துலயும் இதே கதைதான், அம்மாவ எங்க வெச்சுக்குறதுன்னு நாம பேசி முடிக்குறதுக்குள்ள வோட்டர் லிஸ்ட் மூடிடும்.

அப்புறம் அந்த நாள். மே 27, 28, திங்கள் செவ்வாய், காலைல 9-லேர்ந்து சாயங்காலம் 5 வரைக்கும், எத்தன மணிக்கு வருவாங்கன்னு சொல்ல மாட்டாங்க. எலக்‌ஷன் புதன்கிழமை லீவு, ஆனா திங்கள் செவ்வாய் வேலை நாள், எங்க வீட்ல பகல்ல மாமியார் மட்டும்தான். இங்க எல்லா வீட்லயும் உயரமா கேட், பூட்டு, நாய், சில வீட்ல இன்டர்காம், காது கேக்காதவங்களுக்கு அந்த இன்டர்காம் அடிச்சா என்ன அடிக்காட்டி என்ன. தெரியாத ஆளுக்குக் கதவத் தொறக்காதீங்கன்னு வருஷம் முழுக்க நாமளே சொல்லி வெச்சிருக்கோம், கொள்ளை அப்படி, அன்னிக்கு மட்டும் ஜாக்கெட் போட்ட ரெண்டு பேர் வருவாங்க தொறங்கன்னா அவங்க தொறப்பாங்களா? நான் ஒரு நாள் லீவு போட்டேன், என் வீட்டுக்காரர் ஒரு நாள். லீவு கிடைக்காத வீட்ல கேட்லேர்ந்தே திரும்பிப் போயிருப்பாங்க.

வந்தாங்க, நல்ல பொண்ணுங்க, பொறுமையா சொன்னாங்க. அங்கதான் எங்க மாமியார் ஒரு கேள்வி கேட்டாங்க, அதுல நியாயம் இருக்கு. வாக்குச்சீட்டுல குறி போட்டு ஒண்ணும் எழுதாத ஒரு கவர்ல வெச்சு ஒட்டணும், அதை இன்னொரு கவர்ல போடணும், அந்த வெளிக் கவர் மேல பேர், ஐடி நம்பர், வட்டார நம்பர் எல்லாம் எழுதுவாங்க. "ஏம்மா, அதுல என் பேரு போட்டிருக்குதே, நான் யாருக்குப் போட்டேன்னு தெரிஞ்சு போவாதா?" ஆபீசர் விளக்கினாங்க, வெளிக் கவர்ல இருக்குற பேர லிஸ்ட்ல சரிபாத்துட்டு உள் கவர தனியா எடுத்து மத்ததோட கலந்துடுவோம், அப்புறம்தான் பிரிப்போம்னு. மாமியார் தலைய ஆட்டுனாங்க, ஆனா முகத்தைப் பாத்தா நம்பின மாதிரி தெரியல.

அவங்க சந்தேகப்படுறதுக்கு காரணம் இருக்கு. நிறவெறி ஆட்சில ஆளுங்கள இனவாரியாப் பிரிச்சுக் குடிவெச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல, டர்பன் கேட்டோ மேனர்லேர்ந்து வீட்ட இடிச்சு சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம், கவர்மென்ட் ஆளு பேரெழுதிக்கிட்டுப் போனா அடுத்து என்ன நடக்கும்னு சின்ன வயசுலயே பாத்தவங்க. 1984-ல இந்தியர்களுக்குன்னு தனியா ஒரு சபை வெச்சு ஓட்டுப் போடச் சொன்னப்போ முக்காவாசிப் பேருக்கு மேல போகவே இல்ல, இவங்களும் போகல. எல்லாரோடயும் சமமா நின்னு போட்டது 1994 ஏப்ரல் 27, அப்ப அவங்களுக்கு அம்பது தாண்டியாச்சு. அந்த லைன்ல யார் முன்னாடி நின்னாங்க, யார் பிஸ்கட் குடுத்தாங்கன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க. அப்படிப்பட்டவங்ககிட்ட வீட்ல உக்காந்து கவர்ல போடுங்கன்னா அவங்களுக்கு அது ஓட்டாவே தெரியல. விரல்ல மை வெச்சப்புறம்தான் கொஞ்சம் சிரிச்சாங்க.

இன்னொரு பெரிய தடங்கல் நாமதான், அதாவது குடும்பம். பூத்துல மறைப்புக்குப் பின்னாடி போயிட்டா யாரும் எட்டிப் பாக்க முடியாது, வீட்ல அப்படியா? எங்க கொழுந்தனார் ஒரு கட்சில தீவிரம், அன்னிக்கு விஷயம் தெரிஞ்சு வந்து உக்காந்துட்டாரு, "மா, இங்க, இந்தக் கட்டத்துல போடுங்க மா"ன்னு விரல வெச்சுக் காட்ட ஆரம்பிச்சிட்டாரு. அந்த ஆபீசர் பொண்ணு சிரிச்சுக்கிட்டே "அங்கிள், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க"ன்னு அனுப்புச்சு, எங்களையும் சேத்து. அந்த ஒரு காரியத்துக்காகவே ஹோம் விசிட் தபால் ஓட்ட விட ஒசத்தின்னு நான் சொல்லுவேன், தபால்ல வந்திருந்தா கொழுந்தனார வெளிய அனுப்ப யாரு இருக்கா? மருமகளா அனுப்புவா?

அந்த வருஷம் சுயேச்சைங்களும் நிக்கலாம்னு சட்டம் மாறினதால ஓட்டுப் போடுற ஆளுக்கு மூணு வாக்குச்சீட்டு, தேசிய சீட்டுல மட்டும் 52 கட்சி. எங்க மாமியார் ரெண்டாங் கிளாசோட நிறுத்தப்பட்டவங்க, அந்தக் காலத்துல பொண்ணுங்கள அப்படித்தான் பண்ணாங்க, தமிழ் பேசுவாங்க, இங்லீஷ் பேசுவாங்க, படிக்கிறது கஷ்டம், போதாததுக்குக் கண்ல புரை. சின்னமும் தலைவர் போட்டோவும் இருக்குறதாலதான் தப்பிச்சாங்க. படிக்கத் தெரியாதவங்க கேட்டா ஆபீசரே உதவலாம், உடம்பு முடியாதவங்க தனக்கு நம்பிக்கையான ஒருத்தர வெச்சுக்கலாம், அவருக்கு 18 ஆகியிருக்கணும், கட்சி ஏஜென்டாவோ வேட்பாளராவோ இருக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. இது பெரியவங்களுக்குத் தெரியாது, நாமதான் சொல்லணும்.

இப்ப நெஜத் தபாலுக்கு வர்றேன். எங்க சித்தப்பா டெக்சாஸ்ல ஒரு ஊர்ல இருக்கார், சிட்டிசன் ஆகி எவ்ளோ வருஷம் ஆச்சு, எழுபது தாண்டியவர். அங்க 65 ஆயிட்டா காரணமே சொல்லாம தபால்ல போடலாம், கேக்க நல்லாத்தான் இருக்கு. 2021-ல சட்டத்த மாத்துனாங்க, மனுலயும் சரி, திருப்பி அனுப்புற கவர்லயும் சரி, லைசென்ஸ் நம்பரோ சோஷியல் செக்யூரிட்டி நம்பரோட கடைசி 4 இலக்கமோ எழுதணும், அது வோட்டர் ரெக்கார்டுல இருக்குறதோட பொருந்தணும். கவர்ல அந்தக் கட்டம் இருக்குற எடம் எது தெரியுமா, ஒட்டுற மடிப்புக்கு அடியில. ஒட்டிட்டா தெரியவே தெரியாது. அதோட, என்னிக்கோ பேர் பதிஞ்சவங்க ரெண்டுல ஒரு நம்பர்தான் குடுத்திருப்பாங்க, எதைக் குடுத்தோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும். 2022 மார்ச் ப்ரைமரில, அதாவது கட்சி வேட்பாளரத் தேர்ந்தெடுக்குற தேர்தல்ல, தபால்ல வந்த ஓட்டுல கிட்டத்தட்ட 12 சதவீதம், 24,000-க்கு மேல, தள்ளுபடி. அதுக்கு முன்னாடியெல்லாம் ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் போகும். எங்க சித்தப்பா கவரும் திரும்பி வந்துச்சு, இஞ்சினியரா வேலை பாத்து ரிட்டையர் ஆன மனுஷன், ஃபார்ம் நிரப்பத் தெரியாதவர் இல்ல. கடைசில சித்தி கார்ல கூட்டிட்டுப் போய் நேர்ல போட வெச்சாங்க. அந்த நவம்பர்லயே தள்ளுபடி 3 சதவீதத்துக்குக் கீழ எறங்கிடுச்சு, ஜனங்களுக்குப் பழகிடுச்சு, ரெண்டு நம்பரையும் எழுதிடுங்கன்னு எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சாங்க. அப்ப கோளாறு பெரியவங்க மூளைல இல்லன்னு புரியுதுல்ல?

கையெழுத்து இன்னொரு தலைவலி. முப்பது வருஷம் முன்னாடி போட்ட கையெழுத்தும் நடுக்கத்தோட இன்னிக்குப் போடுறதும் ஒண்ணா இருக்குமா? பிரிட்டன்ல தபால் ஓட்டோட பிறந்த தேதியும் கையெழுத்தும் கேப்பாங்க, பிறந்த தேதி கட்டத்துல பழக்க தோஷத்துல அன்னிக்குத் தேதியப் போட்டுடறவங்க உண்டு. அமெரிக்காவுல பென்சில்வேனியால சீட்ட உள்ள வெக்க ரகசிய கவர் ஒண்ணு உண்டு, அதை விட்டுட்டு வெளிக் கவர்ல மட்டும் போட்டு அனுப்புனா எண்ண மாட்டாங்கன்னு 2020-ல கோர்ட்டே சொல்லிடுச்சு.

நம்ம ஊர்லயும் இப்ப இருக்கு. 2021 சட்டமன்றத் தேர்தல்ல 80 வயசு ஆனவங்களுக்கு வீட்லயே தபால் ஓட்டு, ஃபார்ம் 12டி-ன்னு ஒரு மனு குடுத்தா டீமா வந்து வீடியோ எடுத்து வாங்கிட்டுப் போவாங்க. எங்க பெரியம்மாவுக்கு அப்ப 79. 2024-ல 82 ஆயிடுச்சு, இந்த வாட்டி நிச்சயம்னு இருந்தாங்க, எலக்‌ஷனுக்கு முன்னாடி மார்ச்ல வயச 85-ன்னு ஏத்திட்டாங்க. "நான் கிட்டப் போனா அது தள்ளிப் போவுதுடி"ன்னு போன்ல சிரிக்குறாங்க. வயசு இருந்தாலும் நோட்டிஃபிகேஷன் வந்து 5 நாளைக்குள்ள ஃபார்ம் குடுக்கணும், குடுத்துட்டா அப்புறம் பூத்துக்குப் போய்ப் போட முடியாது, அதையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

எதுல போடச் சொல்லுவன்னு கேட்டா, கொஞ்சமாச்சும் நடக்க முடிஞ்சவங்கன்னா, இங்க தென்னாப்பிரிக்காவுல வோட்டிங் ஸ்டேஷன்லயே ஸ்பெஷல் வோட் போடுறதுதான் என் ஓட்டு. கூட்டம் இல்ல, மறைப்பு இருக்கு, தப்பு பண்ணா அங்கயே வேற சீட்டு கேக்கலாம். 2024 மே 29 அன்னிக்கு எத்தனையோ எடத்துல ராத்திரி வரைக்கும் லைன் நின்னுச்சு, அதுல பெரியவங்கள நிறுத்தாதீங்க. முடியாதவங்களுக்கு ஹோம் விசிட். தபால் மட்டும்தான் வழின்னு இருக்குற நாட்டுல இருக்கீங்கன்னா, சீட்டு வந்த வாரமே உக்காந்து, குறி போடுறத அவங்ககிட்ட விட்டுட்டு, கவர், நம்பர், கையெழுத்து, தேதிய மட்டும் நீங்க பாருங்க.

டர்பன் ஆளுங்க யாராவது படிச்சா ஒண்ணு, அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2026 நவம்பர்லேர்ந்து 2027 ஜனவரிக்குள்ள நடக்கணும். தேதிய கெஜட்ல போட்ட அன்னிக்கே வோட்டர் லிஸ்ட் மூடிடும். அம்மா இப்ப எந்தப் பிள்ளை வீட்ல இருக்காங்களோ அந்த அட்ரசுக்கு இப்பவே மாத்திடுங்க, நாங்க மாத்தியாச்சு, ஃபீனிக்சுக்கு. கொழுந்தனார எப்படி வெளிய அனுப்புறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கோம்.