வேலையை விட்டுப் போனவர் கையில் பேஸ்புக் பக்கம்: மீட்க என்ன வழி?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஆடைகள் வடிவமைத்து ஆன்லைனில் விற்கிறேன். என் தொழிலுக்கான பேஸ்புக் பக்கத்தைத் தொடங்கியவர் என்னிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஓர் இளைஞர். தம்பி மாதிரி நம்பி, எல்லாவற்றையும் அவர் ஐடியிலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். விளம்பரத்துக்கு என் கார்டுதான். கடைசி இரண்டு மாதச் சம்பளம் தொடர்பாக மனஸ்தாபம் வந்து அவர் வேலையை விட்டுப் போனார். மறுநாள் காலையில் பார்த்தால் பக்கத்துக்குள் என்னால் நுழைய முடியவில்லை. என் போன் நம்பர் இருந்த இடத்தில் வேறு நம்பர் இருக்கிறது. என் டிசைன் படங்களைக் காட்டியே ஆர்டர் எடுக்கிறார். கேட்டால், "பக்கம் என் ஐடியில இருக்கு, அது என்னோடது. வேணும்னா விலை பேசுங்க" என்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய மெயில் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அதை வைத்து நானே உள்ளே போய்ப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. பக்கம் உங்களுடையதாகவே இருக்கலாம். அந்த மெயில் அவருடையது. அனுமதியில்லாமல் அதற்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினார் என்று 66C-யையும் சேர்ப்பார்கள். நீங்கள் நுழைந்த தேதி, நேரம், எந்தக் கருவி என்பதெல்லாம் அவருக்கு எச்சரிக்கை மெயிலாகப் போய்ச் சேரும். அதை எடுத்துக்கொண்டு அவர் முதலில் புகார் கொடுத்தால் வழக்கு தலைகீழாகிவிடும். நியாயம் தன் பக்கம் இருந்தும் ஆத்திரத்தில் ஒரு ராத்திரி செய்த காரியத்தால் குற்றம்சாட்டப்பட்டவராக நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாஸ்வேர்டை மறந்துவிடுங்கள்.

இன்னொன்றை இன்றைக்கே செய்ய வேண்டும். விளம்பரக் கணக்கில் உங்கள் கார்டு இன்னும் இணைந்திருக்கிறதா? அப்படியானால் பேங்குக்குப் போன் செய்து கார்டை முடக்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுமதிக்காத தொகை ஏதாவது போயிருந்தால் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இதில் நாள் கணக்கு முக்கியம். ரிசர்வ் வங்கியின் விதி, இப்படிப் போன பணத்துக்கு வாடிக்கையாளரின் பொறுப்பை அவர் எத்தனை நாட்களுக்குள் தெரிவித்தார் என்பதோடுதான் கட்டி வைத்திருக்கிறது. பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். "என் ஐடியில இருக்கு, அதனால என்னோடது" என்கிறாரே, அது சட்டமும் இல்லை, பேஸ்புக் இயங்கும் விதமும் இல்லை. பேஸ்புக் பக்கத்துக்கென்று தனிப் பாஸ்வேர்டு கிடையாது. யாராவது ஒருவரின் சொந்த ஐடி வழியாகத்தான் உள்ளே போக முடியும். முழுக் கட்டுப்பாடு கொண்ட அட்மின் மற்றவர்களை நீக்கலாம். குறைந்த அனுமதி உள்ளவர் அவரை நீக்க முடியாது. நீங்கள் அட்மின் என்று நினைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் அந்தக் குறைந்த அனுமதியாகத்தான் இருந்திருக்கும். கல்லாப்பெட்டிச் சாவியை வைத்திருந்தவர் சாவியோடு போய்விட்டார். அதனால் கல்லா அவருடையதாகிவிடாது.

ஆனால் இதை நீங்கள் வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். அமெரிக்காவில் இரண்டு வழக்குகள் இதே கேள்வியைச் சந்தித்தன. 2015-ல் டெக்சாஸில் திவாலான ஒரு நிறுவனத்தின் முன்னாள் முதலாளி, பேஸ்புக் பக்கம் தன் சொந்தப் பக்கம் என்று சாதித்தார். தொழிலுக்காக நடத்தப்பட்ட பக்கம் நிறுவனத்தின் சொத்து என்று திவால் நீதிமன்றம் சொன்னது. ஒப்படைக்க மறுத்தவர் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்குப் போனார். 2024 ஜனவரியில் நியூயார்க்கை உள்ளடக்கிய மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓர் ஆடை நிறுவனத்துக்கும் அதன் வடிவமைப்பாளருக்கும் இடையிலான இன்ஸ்டாகிராம் தகராறில், இந்தக் கணக்குகளையும் மற்ற சொத்துகளைப் போலவே பார்க்க வேண்டும் என்றது. முதலில் யாருக்கு உரிமை இருந்தது, பிறகு அது கை மாறியதா என்பதுதான் கேள்வி. நம் நீதிமன்றங்களை இவை கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் வழக்கு எந்தப் புள்ளியில் நிற்கும் என்பதை இரண்டாவது தீர்ப்பு தெளிவாகக் காட்டுகிறது: பக்கம் பிறந்த அன்று அவர் யார்? உங்கள் ஊழியரா, தனக்காக ஒன்றைத் தொடங்கிய தனிமனிதரா?

அதற்கான விடை பக்கத்திலேயே இருக்கிறது. வெளியாள் மாதிரி உங்கள் போனிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து, "அறிமுகம்" பகுதியில் பக்க வெளிப்படைத்தன்மை என்ற இடத்துக்குப் போங்கள். பக்கம் உருவான தேதி, இதுவரை மாற்றிய பெயர்கள், எந்த நாட்டிலிருந்து நிர்வகிக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே வரும். பிறகு உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அவருக்கு முதல் சம்பளம் போட்ட வரியைத் தேடுங்கள். சம்பளம் போட்ட தேதி முன்னும் பக்கம் பிறந்த தேதி பின்னும் இருந்தால், அந்த இரண்டு தாளையும் அருகருகே வைத்தாலே பாதி வழக்கு முடிந்த மாதிரி. "நம்ம பேஜ் ரெடி அக்கா" என்று அன்றைக்கு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்படிப்பட்ட ஒரு வரி, பின்னால் சேர்க்கும் பத்து ஆவணங்களைவிடப் பேசும்.

விளம்பர ரசீதுகள் அடுத்த பெரிய ஆதாரம். கட்டணம் எடுத்ததும் வரும் மெயில், கார்டு ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி அல்லது உத்யம் (சிறுதொழில்) பதிவுச் சான்றில் உள்ள தொழிலின் பெயர் எல்லாம் ஒரே திசையைக் காட்ட வேண்டும். உங்களை நீக்கியதாக வந்த அறிவிப்பு இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். என்னிடம் வழக்குக்கு வந்த ஒருவர் அறுபது ஸ்கிரீன்ஷாட்டை அழகாக பிரின்ட் போட்டுக் கொண்டுவந்தார். ஒன்றில்கூட இணைய முகவரி இல்லை, தேதி இல்லை. அதற்குள் எதிராளி பக்கத்தின் பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டார். படத்தில் இருக்கும் பக்கமும் இப்போதைய பக்கமும் ஒன்றுதான் என்று நிறுவவே மாதக்கணக்கில் அலைந்தோம். பக்கத்தின் பெயர் மாறினாலும் அதன் எண் வடிவ ஐடி மாறாது. வெளிப்படைத்தன்மைப் பகுதியிலிருந்து அந்த எண்ணை இன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் முழு முகவரியும் தேதியும் தெரியும்படி படம் எடுங்கள். நீதிமன்றத்தில் இவற்றைத் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய அதினியம் 2023-ன் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில் வந்தது அது. எந்தக் கருவியில் எடுத்தீர்களோ அதை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

அடுத்து நான் சொல்வது உங்களுக்குக் கசக்கும். அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு என்பதில் தகராறு என்றால், தகராறில்லாத தொகையையாவது பேங்க் மூலம் இன்றே அனுப்புங்கள். உழைத்த கூலி அவருக்குச் சேர வேண்டியது, அது முதல் காரணம். இன்னொன்று, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 221-ஆம் பிரிவு. முகவருக்குச் சேர வேண்டிய பணம் பாக்கி இருந்தால், முதலாளியின் சொத்து தன் கையில் இருக்கும்வரை அதைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை உண்டு என்கிறது அது. சம்பள ஊழியருக்கு இது பொருந்தாது என்று நாம் வாதாடலாம், நான் வாதாடவும் செய்வேன். ஆனால் அவர் தரப்பு வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால் கையில் எடுக்கும் ஒரே நல்ல ஆயுதம் இதுதான். பணத்தைப் போட்டுவிட்டால் அந்த ஆயுதமே இல்லை. பக்கத்துக்கு அவர் கேட்கும் விலை வேறு. அதில் ஒரு பைசா கொடுக்காதீர்கள். கொடுத்தால் பக்கம் அவருடையது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

சம்பளம் போன பிறகு வக்கீல் நோட்டீஸ். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: "பக்கத்தை நிர்வகிக்க உங்களுக்குக் கொடுத்திருந்த அனுமதியை இந்தத் தேதியோடு திரும்பப் பெறுகிறேன்." போலீஸார் "சிவில்" என்று சொன்னதற்குக் காரணம், நீங்களே கொடுத்த அனுமதியோடு அவர் உள்ளே இருந்தார் என்பது. அனுமதியை எழுத்தில் ரத்து செய்யாதவரை தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின் "அனுமதியின்றி" என்ற சொல் உங்களுக்குப் பலவீனமாகவே நிற்கும். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து நிலைமை மாறுகிறது. ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டிலும், கூடவே மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். முழுக் கட்டுப்பாட்டை உங்களிடம் ஒப்படைக்க ஏழு நாள் கெடு கொடுத்தால் போதும். பக்கத்தை அழிக்கவோ, விற்கவோ, பெயர் மாற்றவோ கூடாது என்றும் எழுதச் சொல்லுங்கள்.

அதே வாரத்தில் பேஸ்புக்குக்கும் எழுதலாம். அவர்களின் உதவி மையத்தில் பக்க நிர்வாகத் தகராறுக்கு வழி இருக்கிறது. அடையாள அட்டை, தொழில் பதிவுச் சான்று, நீங்கள் யார், அவர் யார், ஏன் நீக்கக் கோருகிறீர்கள் என்று கையெழுத்திட்ட அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். நொந்துபோன கதையை நாலு பக்கம் எழுத வேண்டாம். பக்க ஐடி, தேதிகள், ஆவணங்கள் போதும். அங்கிருந்து பதில் வராவிட்டால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பேஸ்புக் நியமித்துள்ள குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தருவது அவர் கடமை. அவர் முடிவு திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம், அலைச்சல் இல்லை. "உள்ளே ஆள் இருக்கிறது, மீட்டுத் தருகிறோம்" என்று கமெண்டில் வந்து நிற்பவர்களிடம் மட்டும் சிக்கிவிடாதீர்கள். பணமும் போகும், உங்கள் சொந்த ஐடியும் போகும்.

வணிகக் குறி (டிரேட்மார்க்) பதிவு வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், அதை வைத்துப் புகார் கொடுக்கும் படிவம் வேகமான வழியாகத் தெரியும். அவசரப்பட வேண்டாம். அந்தப் புகாரின் பலன் பொதுவாகப் பக்கத்தில் போட்ட பதிவையோ பக்கத்தையோ நீக்குவதுதான், உங்களிடம் ஒப்படைப்பது அல்ல. ஆறு வருடம் சேர்த்த ஆட்களோடு பக்கமே மறைந்தால் யாருக்கு நஷ்டம்? அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு முடிந்தும் ஒப்படைக்கவில்லை என்றால் மறுபடியும் போலீஸுக்குப் போங்கள், இந்த முறை தேசிய சைபர் குற்றப் புகார் தளம் வழியாகவோ சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கோ. "பேஜைத் தரமாட்டேங்குறார்" என்று தொடங்காதீர்கள். உங்கள் தொழில் பெயரில், உங்கள் படங்களைக் காட்டி, வேறு நம்பரில் வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்குகிறார் என்று தொடங்குங்கள். கம்ப்யூட்டர் வழி ஆள்மாறாட்ட மோசடி தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66D, ஊழியரின் நம்பிக்கை மோசடி பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசி-யின் இடத்தில் வந்தது) 316(4), ஏமாற்றுதல் 318 எல்லாம் அங்கேதான் வருகின்றன. ஏமாந்த ஒரு வாடிக்கையாளரின் பணம் அனுப்பிய ரசீது இருந்தால் புகாரின் கனமே வேறு. "பணம் தராவிட்டால் பக்கத்தை அழித்துவிடுவேன்" என்று அவர் மிரட்டினால் அது 308, மிரட்டிப் பணம் பறித்தல். வெறுமனே "விலை பேசுங்க" என்றது அதில் சேராது, மிகைப்படுத்தி எழுதாதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 173(4)-ன்படி காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், பிறகு மாஜிஸ்திரேட்டிடம் மனு.

பக்கத்தை உங்கள் கையில் திரும்ப வைக்கும் உறுதியான உத்தரவு சிவில் நீதிமன்றத்திலிருந்துதான் வரும். ஒப்படைக்கச் சொல்லும் கட்டளையும், வழக்கு முடியும்வரை பக்கத்தைத் தொடக்கூடாது என்ற இடைக்காலத் தடையும் கேட்க வேண்டும். பேஸ்புக் நிறுவனத்தையும் பிரதிவாதியாகச் சேருங்கள். அவர் பிடிவாதம் பிடித்தாலும் உத்தரவை நிறைவேற்ற அவர்கள் இருப்பார்கள். படங்களை அவரே எடுத்திருந்தாலும், வேலையின் பகுதியாக எடுத்தவை என்றால் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவை உங்களுடையவை. நஷ்ட ஈடு மட்டும் என்றால் 5 கோடி ரூபாய் வரை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் முன் மனு செய்யலாம்.

இந்தியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு: பேஸ்புக் நடைமுறை எல்லா ஊருக்கும் ஒன்றுதான். சட்டம் இலங்கையில் 2007-ன் கணினிக் குற்றச் சட்டம், மலேசியாவில் 1997-ன் கணினிக் குற்றச் சட்டம், சிங்கப்பூரில் 1993-ன் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் என்று மாறும். ஆதாரம் சேர்க்கும் வேலை மாறாது.

இதற்கெல்லாம் நாளாகும், அதுவரை தொழிலை நிறுத்த வேண்டாம். இன்றே உங்கள் ஐடியில் புதுப் பக்கம் தொடங்கி, முழுக் கட்டுப்பாட்டோடு நம்பிக்கையான இன்னொருவரையும் சேர்த்து, பழைய வாடிக்கையாளர்களுக்கு நேராகச் செய்தி அனுப்புங்கள். "பழைய பக்கத்தில் உள்ள எண் எங்களுடையது அல்ல. அதில் கொடுக்கும் ஆர்டருக்கும் பணத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று மட்டும் எழுதினால் போதும். அவர் பெயரோ படமோ, திருடன் என்ற சொல்லோ அதில் வரக்கூடாது. வந்தால் அவதூறு வழக்கோடு அவர் உங்களைத் தேடி வருவார்.